விளக்காதீர்கள்: லெ காரேயின் நாவலைத் தமிழாக்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வணக்கம்.

1963 செப்டம்பரில் லண்டனில் விக்டர் கோலன்ஸ் பதிப்பகம் வெளியிட்ட 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' நாவலைப் பற்றி இந்த மடல். எழுதியவர் டேவிட் கார்ன்வெல். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் பணியில் இருந்தவர் சொந்தப் பெயரில் கதை எழுதி வெளியிட முடியாது என்பதால் ஜான் லெ காரே ஆனார். உளவு நாவல்களை வரி வரியாகத் திரும்பத் திரும்பப் படிக்கும் வாசகர்கள் நாங்கள். இதைத் தமிழில் கொண்டுவர யார் முனைந்தாலும், முதல் பக்கத்தில் கை வைப்பதற்கு முன்னால் சில விஷயங்களைச் சொல்லிவிட விரும்புகிறோம். முடிச்சுகளை அவிழ்த்துத்தான் பேசியாக வேண்டும். கதையை இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான்: விளக்காதீர்கள். 26 அத்தியாயங்கள், இருநூற்றுச் சொச்சம் பக்கங்கள். அதில் ஆசிரியர் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதுதான் நாவலைத் தாங்கி நிற்கிறது. தமிழ் வாசகருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற அக்கறையில் மொழிபெயர்ப்பாளர் சேர்க்கும் ஒரே ஒரு சொல், பல பக்கம் தள்ளி இருக்கும் முடிச்சை அவிழ்த்துவிடும். எங்கே, எப்படி அவிழும் என்பதைக் காட்டவே இந்த மடல்.

முதலில் கதையின் எலும்புக்கூடு. பெர்லினில் பிரிட்டிஷ் உளவுப் பிரிவுக்குத் தலைவன் அலெக் லீமஸ். எல்லைச் சாவடியில் ரீமெக் என்ற தன் ஆளுக்காகக் காத்திருக்கிறான். குறித்த நேரம் கடந்து ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது. சைக்கிளில் வரும் ரீமெக் கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்படுகிறான். லீமஸின் ஆட்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டியவன் கிழக்கு ஜெர்மன் உளவுத்துறையின் முன்ட். லண்டன் திரும்பும் லீமஸிடம் தலைமை அதிகாரி கண்ட்ரோல் ஒரு வேலையை ஒப்படைக்கிறார். குடித்துச் சீரழிந்து வேலையிழந்தவனாக லீமஸ் ஆகிறான், எதிரி அவனை விலைக்கு வாங்குகிறான், அவன் விற்கும் தகவல்களால் முன்ட் பிரிட்டனின் கையாள் என்ற சந்தேகம் எழுகிறது. முன்ட்டுக்கு அடுத்த நிலையில் இருக்கும் ஃபீட்லர் அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு வழக்கே தொடுத்துவிடுகிறான். ஆனால் முன்ட் உண்மையிலேயே பிரிட்டனின் கையாள்தான். ஃபீட்லரை ஒழித்து முன்ட்டைக் காப்பாற்றவே லீமஸ் அனுப்பப்பட்டான். அது லீமஸுக்கே தெரியாது.

ஆக, பொய் இரண்டு அடுக்கு. முதல் அடுக்கு எதிரிக்குச் சொல்லும் பொய். ஆறாவது அத்தியாயத்தின் முடிவில், பின்தொடர்பவர்களைக் கழற்றிவிட்டு லீமஸ் கண்ட்ரோலைச் சந்திக்கும்போது வாசகருக்கு அது உறுதியாகிறது. 'எல்லாம் தெரிந்துவிட்டது' என்று வாசகர் நிம்மதி அடைகிற அந்த இடத்திலிருந்துதான் இரண்டாம் அடுக்கு வேலை செய்யத் தொடங்குகிறது. லீமஸுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே நமக்கும் தெரியும். இந்த அளவை மொழிபெயர்ப்பு இம்மியும் மீறக்கூடாது.

மிகவும் ஆபத்தான இடம் மூன்றாம் அத்தியாயம். முன்ட்டை ஒழிக்க வேண்டும் என்ற பேச்சு அதற்கு முந்தைய அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது. எப்படி என்பது வருவதில்லை. அடுத்து லீமஸின் வீழ்ச்சி. அதை ஆசிரியர் அவன் மனதுக்குள்ளிருந்து சொல்வதில்லை. அலுவலகத்து வம்புப் பேச்சாக, கேன்டீனிலும் தாழ்வாரத்திலும் அடிபடும் செய்தியாகச் சொல்கிறார். இங்கே 'நடிக்கத் தொடங்கினான்', 'வேண்டுமென்றே' போன்ற சொற்கள் விழுந்தால் ஆறாம் அத்தியாயம் செத்துவிடும். 'பரிதாபமாகச் சீரழிந்தான்' என்று கதைசொல்லியே அடித்துச் சொன்னாலோ அது வாசகரை ஏமாற்றும் பொய்யாகிவிடும். ஆங்கிலம் இதைச் சமாளிக்கத் தொனியை மட்டுமே நம்பியிருக்கிறது. நம்மிடம் அதற்கென்றே ஒரு விகுதி இருக்கிறது: 'ஆம்'. 'காலையிலேயே குடித்துவிட்டு வருகிறானாம்.' 'கணக்கில் கை வைத்துவிட்டானாம்.' 'பென்ஷன் கிடையாதாம்.' சொல்பவர் பொறுப்பேற்கவில்லை, கேட்பவர் நம்பலாம், நம்பாமலும் போகலாம். அத்தியாயம் முழுக்க இறைத்தால் சலிக்கும். பத்திக்கு ஒன்று, இரண்டு போதும்; மற்ற வாக்கியங்கள் அதன் நிழலில் தாமாகவே வதந்தியாகிவிடும்.

அடுத்து அவன், அவர். ஆங்கிலத்தில் இல்லாத சிக்கல் இது. கிட்டத்தட்ட எல்லா மொழிபெயர்ப்பாளர்களும் பழக்கத்தில் முடிவெடுத்துவிடும் இடமும் இதுதான். கண்ட்ரோல் பெரிய அதிகாரி, வயதானவர், நம் கதாநாயகனின் மேலதிகாரி. கை தானாக 'அவர்' என்று எழுதும். முன்ட் கொலைகாரன், கை தானாக 'அவன்' என்று எழுதும். இந்த மடலில் நாங்களும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறோம், கவனித்திருப்பீர்கள். கதைச் சுருக்கத்துக்கு அது பரவாயில்லை. நாவலுக்கு அது பெரிய கேடு. இரண்டு பக்கமும் ஒரே வழிமுறை, ஒரே கொடூரம் என்பதுதான் லெ காரே வைக்கும் வழக்கு. கண்ட்ரோலே இரண்டாம் அத்தியாயத்தில் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார்: நம் கொள்கை வேறாக இருக்கலாம், வழிமுறைகள் எதிரியுடையவைதான். இலக்கணத்திலேயே ஒருவருக்கு மரியாதையும் இன்னொருவனுக்கு அவமதிப்பும் கொடுத்துவிட்டால் வழக்கின் தீர்ப்பை முதல் பக்கத்திலேயே எழுதியதாகும். எங்கள் யோசனை: கதைசொல்லியின் வாக்கியங்களில் எல்லா ஆண்களும் 'அவன்'. கண்ட்ரோலும், லண்டன் உளவுத்துறைக்காரன் ஸ்மைலியும் கூட. முதல் இரண்டு பக்கம் உறுத்தும். பிறகு அந்த உறுத்தலே நாவலின் வேலையைச் செய்யும். மனம் ஒப்பவில்லையென்றால் பதவியில் இருக்கும் எல்லோருக்கும் 'அவர்' கொடுங்கள், முன்ட் உட்பட. கலப்படம் மட்டும் வேண்டாம்.

நேர்ப்பேச்சில் நீ, நீங்கள் வேறு கதை. அங்கே வேறுபாடு நமக்கு வசதி. கண்ட்ரோல் லீமஸிடம் கடைசிவரை 'நீங்கள்' என்றே பேச வேண்டும். 'நீ' என்றால் தோளில் தட்டும் சினிமா உயரதிகாரி ஆகிவிடுவார். அவருடைய கொடூரம் முழுவதும் மரியாதையில் இருக்கிறது. டீ கோப்பையையும் குளிரையும் பற்றிக் கரிசனமாகப் பேசிக்கொண்டே ஒரு மனிதனைப் பலிக்கு அனுப்புபவர் அவர். சிறையிலிருந்து வெளிவந்த லீமஸைப் பூங்காவில் வந்து ஒட்டிக்கொள்ளும் எதிரியின் ஆள் ஆஷ் 'நீங்கள்' என்று குழைய, லீமஸ் எடுத்த எடுப்பில் 'நீ' என்று திருப்பித் தரலாம். (ஆஷ் என்றதும் நம் வாசகருக்கு 1911 மணியாச்சி நினைவு வரத்தான் செய்யும். பெயரை மாற்ற வேண்டாம். இரண்டு பக்கத்தில் மறந்துவிடுவார்கள்.) லிஸ் கோல்ட், இருபதைக் கடந்த லண்டன் பெண், கம்யூனிஸ்ட் கட்சி ஊழியர். நூலகத்தில் அறிமுகமாகும்போது 'நீங்கள்'. லீமஸ் காய்ச்சலில் கிடக்க, அவள் கஞ்சி காய்ச்சாத குறையாகப் பார்த்துக்கொள்ளும் நாட்களில் 'நீ' ஆகிவிட வேண்டும். பெண் என்பதால் கடைசிவரை 'நீங்கள், வாருங்கள்' என்று எழுதினால் நம் வீட்டு மனைவியாகிவிடுவாள்.

மிக நுட்பமானது ஃபீட்லர், லீமஸ் உறவு. இருவரும் கிழக்கு ஜெர்மனியின் குன்றுகளில் நாள்கணக்கில் நடந்தபடி பேசுகிறார்கள். ஃபீட்லர் யூதன், கொள்கைப்பற்று உள்ளவன், நாவலிலேயே மரியாதைக்குரிய மூளை அவனுடையது. 'நீங்கள் எதை நம்புகிறீர்கள்?' என்று அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். லீமஸிடம் பதில் இல்லை. இருவரும் 'நீங்கள்' என்றே பேசட்டும். முன்ட்டின் ஆட்களிடம் அடிபட்டபின் ஃபீட்லர் லீமஸின் படுக்கையருகே வந்து உட்காரும் பதினெட்டாம் அத்தியாயத்தில்கூட அதை மாற்ற வேண்டாம் என்றே நினைக்கிறோம். 'நீ'க்கு இறங்கினால் நட்பு என்று பெயர் வைத்துவிட்டதாகும். அதற்கு இன்னும் பெயர் வைக்கப்படாததுதான் பின்னால் வலிக்கப்போகிறது.

பெயர்களில் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். முன்ட் என்பதை டண்ணகரம் போட்டு எழுதினால், அச்சில் பார்த்தவுடன் முண்டம் என்று கண் படித்துவிடும். திரும்பத் திரும்ப வரும் பெயர். றன்னகரம் போடுங்கள், ஜெர்மன் உச்சரிப்புக்கும் அதுதான் நெருக்கம். கண்ட்ரோல் என்பதைக் 'கட்டுப்பாட்டாளர்' என்று மாற்றாதீர்கள். அது அவருக்குப் பெயராகவே நிற்கிறது, அவருக்கு வேறு பெயர் நாவலில் கிடையாது. தலைமையகத்தைக் குறிக்கும் 'சர்க்கஸ்' இன்னொரு பள்ளம். லண்டனின் கேம்பிரிட்ஜ் சர்க்கஸ் என்ற சாலைச் சந்திப்பில் அலுவலகம் இருப்பதால் வந்த செல்லப்பெயர். நம் ஊர் ரவுண்டானா மாதிரி. தமிழில் சர்க்கஸ் என்றால் கூடாரமும் சிங்கமும்தான். அப்படியும் 'சர்க்கஸ்' என்றே வைத்துக்கொள்ளச் சொல்வோம். முதல் முறை வரும் இடத்தில், அடிக்குறிப்பு இல்லாமல், 'கேம்பிரிட்ஜ் சர்க்கஸ் முனையிலிருந்த அலுவலகம்' என்று வாக்கியத்துக்குள்ளேயே ஊரைக் காட்டிவிட்டு அடுத்த முறையிலிருந்து வெறும் சர்க்கஸ். கூடாரத்தின் சாயல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டால் நஷ்டமில்லை, ஆங்கிலத்திலும் அது உண்டு.

இனி தலைப்பு. இதில்தான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஆங்கிலேயருக்குக் குளிர் என்றால் வெளியே, தனிமை, கைவிடப்பட்ட நிலை. உள்ளே கணப்பு இருக்கிறது, மனிதர்கள் இருக்கிறார்கள். நமக்குக் குளிர்ச்சி சுகம். கண் குளிரப் பார்க்கிறோம், மனம் குளிர்ந்து வாழ்த்துகிறோம், தெய்வத்தையே குளிர்விக்கிறோம். நம் துன்பம் வெயிலில் இருக்கிறது. 'குளிரிலிருந்து வந்த உளவாளி' என்று போட்டால் ஊட்டியிலிருந்து இறங்கி வந்தவன் போல இருக்கும். 'வாடை' என்று யோசித்தோம். பிரிந்தவரை வாட்டும் வடகாற்று, சங்கப் பாடல்களில் வலுவான சொல். ஆனால் இன்றைய வாசகருக்கு வாடை என்றால் மூக்கைப் பொத்தத் தோன்றும். 'கடுங்குளிர்' என்றதும் சுகம் போய்விடுகிறது. 'உள்ளே' என்பதை விட்டால் வெறும் இடப்பெயர்ச்சிதான் மிஞ்சும், அதனால் அதையும் விட முடியாது. 'கடுங்குளிரிலிருந்து உள்ளே வந்த உளவாளி.' நீளம்தான், அட்டையில் இரண்டு வரியாகப் போடலாம். எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும், அதே சொல் கண்ட்ரோல் லீமஸிடம் இன்னும் கொஞ்ச காலம் வெளியே குளிரில் நிற்கச் சொல்லும் இடத்திலும், கடைசி அத்தியாயத்தின் தலைப்பிலும் மாறாமல் வர வேண்டும். மூன்று இடத்தில் மூன்று சொல் போட்டால் நாவலின் முதுகெலும்பு ஒடிந்துவிடும்.

ஒற்றன் என்ற அழகான சொல்லை ஏன் விட்டோம் என்று கேட்பீர்கள். சரித்திர நாவல்கள் அதற்குக் குதிரையும் கோட்டை மதிலும் கொடுத்துவிட்டன. லீமஸ் பென்ஷன் இல்லாத அரசு ஊழியன். அவனுக்கு நாளிதழ்ச் சொல்லான உளவாளிதான் பொருந்தும். இறுதிக் கார்ப் பயணத்தில் தன் தொழிலைப் பற்றியே அவன் காறித் துப்பும் பேச்சில் மட்டும் 'வேவுகாரப் பயல்கள்' என்று இறங்கலாம்.

ஒற்றாடல் அதிகாரத்தை ஒருமுறை படித்துவிட்டு உட்காருங்கள், உதவும். ஒற்றரை ஒருவரையொருவர் அறியாதபடி ஆள்க, மூவர் சொல்வது ஒத்திருந்தால் நம்புக என்கிறது 589ஆம் குறள். ஃபீட்லர் செய்வது சரியாக இதைத்தான். லீமஸ் சொல்லும் பணக் கதை ஒன்று. கோபன்ஹேகன், ஹெல்சிங்கி வங்கிகளில் போட்ட பணத்தைப் பற்றி லீமஸிடம் கையெழுத்து வாங்கி எழுதும் கடிதங்களுக்கு வரும் பதில் இரண்டு. முன்ட் அந்த ஊர்களுக்குப் போய்வந்த தேதிகள் மூன்று. மூன்றும் ஒத்துப்போகின்றன, ஒத்துப்போகும்படி லண்டன் செய்திருக்கிறது. லீமஸும் முன்ட்டும் ஒரே எசமானுக்கு வேலை செய்வது லீமஸுக்குத் தெரியாது என்பதும் அதே குறளின் முதல் பாதி.

இதனால்தான் தேதி, தொகை, ஊர் மூன்றிலும் ஒரு எழுத்துகூடப் பிசகக்கூடாது. வேலையைத் தொடங்கும் முன் ஒரு நீளமான நோட்டில் நான்கு பத்தி கோடு போட்டு, அத்தியாயம், தேதி, தொகை, யார் யாரிடம் சொன்னது என்று முழு நாவலுக்கும் எழுதிவிடுங்கள். விசாரணை மன்றக் காட்சியில் ஒவ்வொன்றும் திரும்ப வரும். அப்போது முன்பு எழுதிய அதே சொற்றொடரைப் போட வேண்டும். பவுண்டை ரூபாயாக மாற்றாதீர்கள். ஷில்லிங் ஷில்லிங்காகவே இருக்கட்டும்.

நோட்டில் தனியாக இன்னொரு பக்கம் வேண்டும்: லிஸ் சம்பந்தப்பட்ட தடயங்கள். வேலை முடியும்வரை அவளை விட்டுவிடுங்கள் என்று லீமஸ் கண்ட்ரோலிடம் கேட்கிறான். ஆனால் ஸ்மைலி அவள் வீட்டுக்குப் போய்த் தன் பெயர் அச்சிட்ட அட்டையையே கொடுத்துவிட்டு வருகிறான். அவள் வீட்டுக் குத்தகைப் பணத்தை யாரோ கட்டிவிடுகிறார்கள். சாட்சிக் கூண்டில் லிஸ் இதை வெள்ளந்தியாகச் சொல்ல, லீமஸின் கதை சரிகிறது. இத்தனை தேர்ந்த உளவுத்துறை இத்தனை முட்டாள்தனம் செய்யுமா என்று வாசகர் முகம் சுளிக்கும் அதே நேரம், அது முட்டாள்தனம் அல்ல என்பது லீமஸுக்கு உறைக்கிறது. ஸ்மைலி வரும் காட்சியில் 'மர்மமான', 'ஏதோ திட்டத்துடன்' போன்ற அடைமொழி ஒன்றுகூடக் கூடாது. மழைக்கு ஒதுங்கியவரைப் போலச் சாதாரணமாக அவன் வந்து போகட்டும்.

பத்தொன்பதாம் அத்தியாயத்தை வெட்டிவிடலாமா என்ற சபலம் வரும். லைப்சிக்கில் ஒரு கட்சிக் கிளைக் கூட்டம், விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஆட்கள், ஒன்றும் நடப்பதில்லை. வெட்டினால் லிஸ் ஏன் கிழக்கு ஜெர்மனியில் இருக்கிறாள் என்பதே தொங்கிவிடும். தமிழில் மிக இயல்பாக வரக்கூடிய அத்தியாயமும் அதுதான். தோழர், கிளைச் செயலாளர், பிரசுரம், சந்தா, நிதி வசூல், கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்ற புலம்பல் எல்லாம் நம் ஊர்க் கட்சி அலுவலகங்களில் புழங்கும் சொற்கள். அகராதியைப் புரட்ட வேண்டாம்.

ஹேக் நகர வீட்டில் எதிரித் தரப்பின் பீட்டர்ஸ் லீமஸிடம் நடத்தும் விசாரணை பக்கம் பக்கமாகக் கேள்வியும் பதிலும். ஒவ்வொன்றுக்கும் 'என்று கேட்டான்', 'என்று பதிலளித்தான்' போட்டால் நொண்டும். பீட்டர்ஸ் 'நீங்கள்', லீமஸின் பதில் இரண்டு மூன்று சொல். யார் பேசுவது என்பது தானாகத் தெரியும். ஆச்சரியக்குறியையும் மூன்று புள்ளிகளையும் அலமாரியில் பூட்டிவிடுங்கள். மாத நாவல்களுக்கு அவை தேவைப்பட்டன, இந்த உரைநடைக்கு ஆகாது.

1965இல் மார்ட்டின் ரிட் இயக்கி ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த படத்தைப் பார்த்து மனதில் முகங்களை வாங்கிக்கொள்ளலாம். உரையாடலை வாங்காதீர்கள், அதில் லிஸ்ஸின் பெயரே 'நான்' (Nan) என்று ஆகிவிட்டது.

கடைசிக் காட்சிக்கு வருவோம். பெர்லின் சுவர், இரவு, தேடுவிளக்கின் ஒளி. முதலில் ஏறிய லீமஸ் லிஸ்ஸைக் கைபிடித்துத் தூக்குகிறான், அவள் சுடப்படுகிறாள். மேற்குப் பக்கத்திலிருந்து அவனைக் குதிக்கச் சொல்லும் குரல்கள். அவற்றினிடையே ஸ்மைலி கேட்பது இரண்டே சொல்லில் வந்துவிடும்: 'பெண் எங்கே?' அவளும் தப்பிவிட்டாளா என்ற கவலையா, அவள் உயிரோடு இல்லை என்று உறுதி செய்துகொள்வதா? அறுபது ஆண்டுகளாக வாசகர்கள் சண்டை போடும் இடம். 'பதறினான்' என்று எழுதினால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், 'அமைதியாகக் கேட்டான்' என்றால் மறுபக்கம். 'ஐயோ' வேண்டாம், 'அந்தப் பாவப்பட்ட' வேண்டாம். வெறும் இரண்டு சொல்.

சுடப்பட்டு விழும் நொடியில் லீமஸ் காண்பது பெரிய லாரிகளுக்கிடையே நசுங்கும் ஒரு சிறு காரும், ஜன்னல் வழியாகச் சந்தோஷமாகக் கையசைக்கும் குழந்தைகளும். முன்பு நெடுஞ்சாலையில் அவசரமாகப் போகும்போது பின்சீட்டில் நான்கு குழந்தைகள் இருந்த ஒரு ஃபியட் காரை அவன் மயிரிழையில் இடிக்காமல் தப்பிய இடம் ஒன்று வந்திருக்கும். அங்கே என்ன வினைச்சொல் போட்டீர்களோ அதையே இங்கே போடுங்கள். அங்கே 'டாட்டா காட்டினார்கள்', இங்கே 'கரங்களை அசைத்தனர்' என்று ஆகிவிட்டால் இந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்பது வாசகருக்கு நினைவே வராது.

வரைவு முடிந்ததும் மூலத்தைப் படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். ஆறாம் அத்தியாய முடிவிலும் பதினெட்டாம் அத்தியாய முடிவிலும் நிறுத்தி, 'முன்ட் யாருடைய ஆள் என்று நினைக்கிறீர்கள்?' என்று மட்டும் கேளுங்கள். விசாரணைக்கு முன்பே சரியான பதிலைச் சொன்னால் எந்த வரி அப்படி நினைக்க வைத்தது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த வரியில் நீங்கள் சேர்த்த ஒரு சொல் இருக்கும்.

பதிப்பாளர்களுக்குத் தனியாக நான்கு வார்த்தை. லெ காரே 2020 டிசம்பரில் காலமானார். இந்தியச் சட்டப்படி 2080 முடியும்வரை பதிப்புரிமை உண்டு, எழுத்தில் அனுமதி வாங்காமல் தொடங்கவே தொடங்காதீர்கள். பின்னட்டையில் 'இரட்டை உளவாளி' என்ற சொல் வரக்கூடாது. மொழிபெயர்ப்பாளர் முன்னுரை பின்னுரையாகப் போகட்டும். முன்னால் அரைப் பக்கத்தில் பெர்லின் வரைபடம், நான்கு வல்லரசுகளின் பகுதிகள், சுவர் எழத் தொடங்கிய 1961 ஆகஸ்ட் 13 என்ற தேதி, அவ்வளவு போதும். கடைசி அத்தியாயம் மிகச் சிறியது, இரண்டொரு பக்கத்தில் முடிந்துவிடும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் உங்கள் பிற வெளியீடுகளின் பட்டியலைப் போடாமல், அந்தப் பக்கத்தை வெற்றுத்தாளாக விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உளவு நாவல் வாசகர்கள் சிலர்